ஏழு மாத சத்து மாத்திரை

ஆறு வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. தினமும் சைக்கிளில் எங்கள் ஊருக்கு வந்து பார்த்து என்னைப் பிழைக்க வைத்தவர் வலங்கைமான் டாக்டர்தான் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். அதனால் அங்கே வேறு டாக்டர்கள் வந்த பிறகும் நாங்கள் அவரை விட்டு விலகவில்லை. எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, பஞ்சாயத்துப் பள்ளியில் டீச்சராக வேலை கிடைத்த பின்னும் அவருக்கு நான் 'பாப்பா'தான். அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்தும் இருந்தது.

முப்பத்திரண்டாவது வயதில் எனக்குத் தொண்டை கட்டியது. இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை. கடைசி வரிசைப் பிள்ளைகள் "டீச்சர், கேக்கல" என்றார்கள். டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்.

"டீச்சர் வேலைன்னா தொண்டை கட்டத்தான் செய்யும் பாப்பா. உப்புத் தண்ணில கொப்பளி."

கொப்பளித்தேன். குரல் இன்னும் தடித்தது. சித்திரை வெயிலில் எனக்கு மட்டும் குளிர்ந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். ஒருநாள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிவிட்டேன். தலைமை ஆசிரியர் வந்து எழுப்பினார். அந்த அவமானம் இன்றும் எனக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சத்து மாத்திரையும் டானிக்கும் எழுதினார். அடுத்த மாதமும் அதே மாத்திரை, அதே டானிக்.

இங்கே நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பா குத்தகைக்குப் பயிர் செய்த வயல் டாக்டருடைய அண்ணனுக்குச் சொந்தம். உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம், பதிந்தவனை நிலத்தைவிட்டு எளிதில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஊரில் பாதிப்பேர் பயந்துகொண்டு பதியவில்லை. அப்பா பதிந்தார். அண்ணன்காரர் ஆட்சேபித்து மனு கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் நடவுக்கு ஆள் வராமல் தடுத்தார், வாய்க்கால் தண்ணீரை மறித்தார்; இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்டர் எங்களை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் என் நாடியைப் பிடித்துக்கொண்டே அவர் கேட்டதெல்லாம் வயலைப் பற்றித்தான். கலெக்டர் ஆபீசுக்கு அப்பா போனாரா, கூட யார் போனது, சமாதானமாகப் போகலாமே, நீ படித்தவள், எடுத்துச் சொல்லக்கூடாதா. நான் என் கால் வீக்கத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். வெளியே வந்த பிறகுதான் சொல்லாமல் விட்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

ஐந்தாவது மாதமோ என்னவோ, தூக்கத்தைப் பற்றி மறுபடி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்ல தகராறு நடக்குது. மனசு சரியில்லன்னா உடம்பும் சரியிருக்காது. உங்கப்பா பிடிவாதத்த விட்டா உனக்குத் தன்னால சரியாயிடும்."

என் வியாதிக்கு மருந்து அப்பாவின் பதிவை ரத்து செய்வது என்கிறார். ஆனாலும் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். அதைவிடக் கேவலம், அடுத்த மாதமும் போனேன். தஞ்சாவூர் போகலாம் என்று என் கணவர் எத்தனையோ முறை சொன்னார். டாக்டருக்கு என் உடம்பு குழந்தையிலிருந்து தெரியும் என்று நான்தான் அவருக்காக வாதாடினேன்.

ஏழாவது மாதம் பள்ளிப் படியில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். கணவர் என்னைக் கேட்காமலே பஸ் ஏற்றித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நீண்ட வரிசை. கடைசியில் பார்த்தது என்னைவிட வயதில் சின்ன ஒரு பெண் டாக்டர். நான் இரண்டு வாக்கியம் பேசியதும் நிமிர்ந்தார். குரல் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார். எச்சில் விழுங்கச் சொல்லி என் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு நாற்காலியில் முட்டிபோட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்ன சுத்தியால் தட்டினார். பாதம் அசைந்து, சோம்பலாகத் திரும்பி வந்தது.

"கழுத்துல வீக்கம் இருக்கே. இத்தன மாசமா யாரும் தொட்டுப் பாக்கலையாம்மா?"

தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை என்றார். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் என் குரல் எனக்குத் திரும்பியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ ஏழு மாதத்தை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவர் சீட்டைத் தூரப்பிடித்துப் படித்தார்.

"நானும் இதத்தான் சந்தேகப்பட்டேன்."

"சந்தேகப்பட்டிருந்தா சொல்லியிருக்கலாமே டாக்டர்."

அவர் சீட்டை மடித்து என் பக்கம் நகர்த்தினார். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடு என்றார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், திட்டாமலே.

வயல் தகராறை மனதில் வைத்துத்தான் அவர் என்னைக் கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பியதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. அதையும் ஒருத்தர் கெடுத்தார். டாக்டருடைய அண்ணன் மனைவி, அவர்கள் வீட்டுப் பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வந்தவர், என் உடம்பை விசாரித்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லாத சமயம் அது. நான் பட்டும் படாமலும் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஒழுங்காவா பாத்தாரு? சர்க்கர இருக்குன்னு கும்பகோணத்துலதான் கண்டுபிடிச்சாங்க. இப்பல்லாம் அவரு யாரையும் தொட்டே பாக்கறதில்ல டீச்சர். பேசிக்கிட்டே எழுதிடறாரு."

அவர் போன பிறகு பேத்தியின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினேன். பகை காரணமா, வயதா, அலட்சியமா, எனக்கு இன்றுவரை தெரியாது. யார்மேல் எவ்வளவு கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

அப்பாவின் பெயர் பதிவில் நின்றது. அண்ணன்காரர் அப்பீல் போனார். அம்மா அதற்குப் பிறகும் மூட்டுவலிக்கு அதே டாக்டரிடம்தான் போனாள். துணைக்கு நானும் போவேன், ஆனால் வெளித் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவேன். அம்மாவுக்கு இருக்கும் கோளாறையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவேன். அவர் அதைப் படித்தாரா என்று கேட்டால், பாப்பா நல்லா இருக்காளான்னு விசாரிச்சார் என்பாள்.