நான் இருக்கிறேனா என்று ஒரு விவாதம்

மலேசியாவில் அப்பா என்னைச் சீனப்பள்ளியில் சேர்த்ததற்கு, அது வீட்டுக்குப் பக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அந்தப் படிப்பால் ஆக்லாந்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், ஒரு சீன மொழி இணைய ஃபோரம். நான் சேர்ந்த புதிதில் அது காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பழைய கட்டில் விற்பனைக்கு என்று யாராவது போட்டால், கட்டில் உளுத்துப்போன பிறகு ஒருவர் வந்து விசாரிப்பார். பிறகு எப்படியோ கூட்டம் சேர்ந்துவிட்டது. வாடகை வீடு, பிளம்பர், விசா, மாமியார் சண்டை, எல்லாம் அங்கேதான். நகரத்துச் சீனர்களில் பாதிப் பேர் அங்கே பழியாகக் கிடந்தார்கள். நானும்தான்.

அந்தச் சமயத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை ஓனர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பார்த்த வீடெல்லாம் கைநழுவிப் போக, யாழ்ப்பாணத்துக்காரரான என் கணவர் நகரத்துக்கு வெளியே புக்கெகோஹி முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே குடியேறலாம் என்று பேச ஆரம்பித்தார். எனக்குப் பகீரென்றது. அப்போதுதான் ஃபோரத்தில் மவுண்ட் வெல்லிங்டன் வீடு ஒன்று வந்தது. பின்பகுதியில் வீட்டுக்கார அம்மா இருப்பார், முன்பகுதி வாடகைக்கு. அங்கே எல்லா வீட்டு விளம்பரத்திலும் இருக்கும் வரி இதிலும் இருந்தது: குறைவாகச் சமைப்பவர்களுக்கு மட்டும், அதாவது தாளிப்பு, வறுவல் வாசம் கூடாது. கொஞ்சமும் கூசாமல், நாங்கள் குறைவாகத்தான் சமைப்போம் என்று சீனத்தில் எழுதி அனுப்பினேன்.

வீடு பார்க்கப் போனேன். கதவைத் திறந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எழுதிய சீனப் பெண்ணைத் தேடுகிறார். அது நான்தான் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டைக் காட்டி, டீயும் கொடுத்து, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

யோசிக்கிற வேலையை அவர் ஃபோரத்திடம் ஒப்படைத்துவிட்டார். "ஓர் இந்தியப் பெண் வீடு பார்க்க வந்தாள். என் மகனைவிட நன்றாகச் சீனம் எழுதுகிறாள். கொடுக்கலாமா?" பழைய நாளாக இருந்தால் இரண்டு பேர் பதில் போட்டிருப்பார்கள். இப்போது ஊரே கூடிவிட்டது. கறி வாசம் கார்ப்பெட்டை விட்டுப் போகாது என்றார் ஒருவர். அப்புறம் ஒரு மேதாவி வந்து, சீனம் எழுதும் இந்தியப் பெண் உலகத்திலேயே கிடையாது, கூட்டம் சேர்க்க ஃபோரத்துக்காரர்களே கட்டிவிட்ட கதை இது என்றார். அவ்வளவுதான். வீட்டை விட்டுவிட்டு, நான் இருக்கிறேனா இல்லையா என்று அடித்துக்கொண்டார்கள்.

"என்ன கதைக்கினம்?" என்றார் கணவர்.

"நான் இல்லவே இல்லையாம் லா!"

"அவை என்னவும் எழுதட்டும். வீடு கிடைக்கும் வரைக்கும் நீர் சும்மா இரும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். கறி வாசத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. நான் இருக்கிறேன் என்று எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். சமையலறைக்கு ஓடி, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்து, தூள் டப்பாக்களையும் ஒரு பை காய்ந்த மிளகாயையும் பரப்பி, ஃபோரத்தில் என் பெயர் என்னவோ அதைச் சீனத்தில் ஒரு தாளில் எழுதி நடுவே நிறுத்தி, படம் எடுத்துப் போட்டேன்.

கணவர் படத்தை எட்டிப் பார்த்தார். "குறைவாச் சமைக்கிற ஆக்களின்ர குசினியோ இது?"

படத்தை அழிக்கப் போவதற்குள் போன் அடித்தது. வீட்டுக்கார அம்மா.

"மிளகாயைப் பார்த்தேன்," என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை.

"எங்க ஊர்ல மிளகாய் இல்லாம சோறு இறங்காது. எல்லாரும் போடுறாங்களேன்னு நானும் குறைவாச் சமைக்கணும்னு போட்டேன். வந்தவங்க நிஜமாவே அப்படி இருந்தாங்க. நான் மிளகாய் வறுத்தா இருமி இருமியே ரெண்டு குடும்பம் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. நீயாவது இரு."