இளகிய பனங்கட்டிக்காக நெடுந்தீவுக்குப் போனது

நெடுந்தீவுக்குப் போக நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது குதிரைகளையும் கல்வேலிகளையும் பற்றித்தான். நான் முதன்முதலில் அங்கே போனது அவற்றைப் பார்க்க அல்ல. 1984 பங்குனியில், பனங்கட்டி ஏன் இளகுகிறது என்று பார்க்கப் போனேன். பயணக் குறிப்புத் தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், வழியும் சொல்கிறேன்.

அதற்கு முன் கொழும்பில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஒரு பையோடு யாழ்ப்பாணம் வந்து, பெற்றோர் வீட்டில் வேலையில்லாமல் இருந்தேன். புள்ளிவிபரம் படித்தவளுக்கு அப்போது ஊரில் என்ன வேலை கிடைக்கும்? அந்த நேரத்தில்தான் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பூமணி வந்தாள். நெடுந்தீவில் பெண்கள் வேலைசெய்த பனங்கட்டி நிலையம் ஒன்றுக்கு அவள் செயலாளர்.

அங்கே ஐந்து பெண்கள் கருப்பநீர் காய்ச்சினார்கள். சுண்ணாம்பு தடவிய மண்முட்டியில் இறக்கும், கள்ளாக மாறாத பனஞ்சாறுதான் கருப்பநீர். அதைப் பாகாகக் காய்ச்சி, பனையோலையில் இழைத்த குட்டான் என்ற சின்னப் பெட்டிகளில் ஊற்றினால் பனங்கட்டி இறுகிவிடும். அந்த மாதம் பல இறுகவில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடையிலிருந்து குட்டான்கள் இளகி, ஒழுகித் திரும்பி வந்தன. அவற்றில் அதிகம் தவமணி என்ற பெண் காய்ச்சியவை. வருகிற சனிக்கிழமை கூட்டம் வைத்து அவளை நிறுத்திவிடுவதென்று நிர்வாகக் குழு ஏறக்குறைய முடிவெடுத்திருந்தது.

தவமணியின் கணவர் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். ஆடியில் கடை எரிந்துபோக, அவர் ஊருக்கு வந்து பேச்சில்லாமல் இருந்தார். இரண்டு பிள்ளைகள். வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய சம்பளத்தில்.

“நீ கணக்குப் படிச்சனி. ஒருக்கா வந்து சொல்லிப் பார்,” என்றாள் பூமணி.

யாருடைய குட்டான் எந்தக் கிழமை எத்தனை திரும்பி வந்தது என்று அவள் எழுதித் தந்த எண்களை வைத்து வீட்டில் ஒரு வரைபடம் கீறினேன். இரண்டு விசயங்கள் தெரிந்தன. ஐந்து பேருக்கும் இடையிலான வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுதான். ஒரு கிழமை ஒருத்தியுடையது கூடும், மறு கிழமை இன்னொருத்தியுடையது. ஆனால் மாசி நடுவிலிருந்து ஐந்து பேருடையதும் சேர்ந்து மேலே ஏறியிருந்தது. ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வெளிக்கிட்டேன். பண்ணைப் பாலம், வேலணை, பிறகு இரு பக்கமும் கடல் வற்றிக் கிடக்கும் நீண்ட தாம்போதி வீதி, புங்குடுதீவு, மடத்துவெளி, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மடத்துவெளியில் பஸ் நிறைய நேரம் நின்றது. படகு போய்விடுமோ என்று நடத்துனரைக் கேட்டேன். “படகு பஸ்ஸைப் பாத்துத்தான் வெளிக்கிடும் அக்கா. பயப்பிடாதேங்கோ,” என்றார். சொன்னபடியே நின்றது. கடலில் ஒரு மணி நேரம். பங்குனியில் கடல் படுத்திருக்கும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் பூமணி சைக்கிளோடு காத்திருந்தாள். நிலையம் ஓலைக் கொட்டகை. அடுப்புகள் அணைந்திருந்தன. பெண்கள் பாயில் இருந்தார்கள், தவமணி கடைசியில். நிர்வாகக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்ரர். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோபக்காரர் அல்ல. நிலையம் மூடவேண்டி வருமோ என்ற பயம் அவருக்கு.

நான் வரைபடத்தை விரித்து, சராசரி, நியம விலகல், கட்டுப்பாட்டு எல்லை என்று தொடங்கினேன். தொழிற்சாலையில் பேசிப் பழகிய சொற்கள் தடையில்லாமல் வந்தன. முடித்து நிமிர்ந்தபோது ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை.

மாஸ்ரர் மரியாதையாகத்தான் சொன்னார். “பிள்ளை, நீர் படிச்சனீர், அது விளங்குது. நீர் சொல்லுறதுதான் விளங்கேல்லை. தவமணியின்ரை குட்டான்தானே கூடத் திரும்பி வந்தது?”

ஓம் என்றேன். தேத்தண்ணிக்காகக் கூட்டம் கலைந்தது. குசினிக்குள் போய்ப் பூமணிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் வந்தவர்களுக்குக் கௌப்பிப் பயறு அவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைக் கௌப்பி ஒரு சாக்கில், சிவப்பு ஒரு பையில். அதைப் பார்த்ததும்தான், தொழிற்சாலையில் எங்கள் மேலாளர் புதிதாக வந்தவர்களுக்கு நிற மணிகளை வைத்துக் காட்டிய விளையாட்டு நினைவுக்கு வந்தது.

ஒரு பனையோலைக் கடகம் நிறைய வெள்ளைக் கௌப்பி போட்டு, அதில் கொஞ்சம் சிவப்பைக் கலந்தேன். கொட்டகைக்குக் கொண்டுபோய், வெள்ளை நல்ல பனங்கட்டி, சிவப்பு இளகினது என்றேன். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு பால் வந்த தகரப் பேணியால் ஒரு தரம் அள்ளவேண்டும். சிவப்பு வராமல் கவனமாக அள்ளுங்கள் என்றும் சொன்னேன். பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

முதல் சுற்றில் அதிகச் சிவப்பு வந்தது தவமணிக்கு.

பாயிலிருந்த யாரோ பெருமூச்சு விட்டார்கள். தவமணி பேணியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். விட்டு ஓடவும் ஏலாது. எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிக் கலந்து, இன்னொரு தரம் என்றேன். இந்த முறை அவளுக்கு மிகக் குறைவு. முதல் தரம் ஒன்றுமே வராதவளுக்கு இப்போது நிறைய. மூன்றாம் சுற்றில் அது இன்னொருத்திக்கு மாறியது. பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பிறகு பேணியை மாஸ்ரரிடம் நீட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்து, கண்ணை இறுக்கி மூடி, மெதுவாக அள்ளினார். சிவப்பைத் தானே பொறுக்கி எண்ணினார். அன்று யாருக்கும் அவ்வளவு வரவில்லை.

உள்ளங்கையில் கிடந்த கௌப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப என்னையும் நிப்பாட்டத்தானே வேணும்,” என்றார்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்பதால் யாரும் சிரிக்கவில்லை. நான் அப்போதுதான் வரைபடத்தை மறுபடி எடுத்தேன். ஒரு கஷ்டமான சொல்லும் சொல்லவில்லை. மேலும் கீழும் நான் கீறிய இந்த இரண்டு கோட்டுக்குள் ஏறி இறங்குவது கடகத்தின் குணம், அள்ளுகிறவளின் குணம் அல்ல என்றேன். பிறகு கையோடு கொஞ்சம் சிவப்பைக் கடகத்தில் கூடுதலாகப் போட்டு அள்ளச் சொன்னேன். எல்லோருக்கும் முன்பைவிடக் கூட வந்தது. மாசி நடுவில் நடந்தது இதுதான், யாரோ கடகத்தில் சிவப்பைப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அந்தக் கிழமை இங்கே என்ன மாறியது?

விறகு அதேதான் என்றார்கள். காய்ச்சும் தாச்சியும் மாறவில்லை. பனை சீவுகிறவர்களும் அதே ஆட்கள்.

“சுண்ணாம்பு,” என்றார் மாஸ்ரர். “பழசு முடிஞ்சு, வேற இடத்திலை நான்தான் எடுப்பிச்சனான். வடிவாப் பாக்கேல்லை.”

பூமணி அந்தச் சாக்கிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்தாள். தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதிக்கவேண்டிய சுண்ணாம்பு, ஊற்றியும் சும்மா கிடந்தது. ஈரமும் காற்றும் பட்டு எப்போதோ செத்துப்போயிருந்தது. அதைத் தடவிய முட்டியில் சாறு பாதி புளித்துத்தான் இறங்கியிருக்கும். பிறகு யார் காய்ச்சினாலும் இறுகாது.

மாஸ்ரர் எழுந்து தவமணியைப் பார்த்துச் சொன்னார்: “பிழை உம்மிலை இல்லைப் பிள்ளை. திங்கக்கிழமை வழமை போல வாரும்.”

அவள் ஓம் என்று மட்டும் சொன்னாள். எழுந்துபோய், அணைந்திருந்த தன் அடுப்பின் சாம்பலை அள்ளத் தொடங்கினாள். திங்கட்கிழமை வரை அதற்கு அவசரமே இல்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. சுண்ணாம்பை மாற்றிய பிறகு குட்டான்கள் திரும்பி வருவது பழைய அளவுக்குக் குறைந்துவிட்டதென்று பூமணி பின்னர் வந்து சொன்னாள். முற்றாக நின்றதா என்று கேட்காதீர்கள், முற்றாக நிற்காது.

இனிப் போகிறவர்களுக்கு. காலைப் படகைப் பிடியுங்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியதும் துறையிலேயே கேட்டுவையுங்கள், காற்றைப் பொறுத்து அது மாறும். குடிதண்ணீர், குடை கட்டாயம். சோழகம் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வயிறு பலவீனமானவர்கள் போகாமல் இருப்பது நல்லது. பனங்கட்டி வாங்கினால் குட்டானை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

என்னைப் போல எண்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று. முதலில் அவர்கள் கையில் எதையாவது அள்ளக் கொடுங்கள், சொற்களைக் கடைசியில் சொல்லுங்கள். அதோடு, முதல் சுற்றோடு பயந்து நிறுத்திவிடாதீர்கள். அன்று நான் நிறுத்தியிருந்தால் தவமணியின் வேலையை நானே பறித்திருப்பேன்.

திரும்பி வந்த பயணத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. படகில் யாரோ தந்த நுங்கைச் சாப்பிட்டது தெரியும். குறிகட்டுவானில் பஸ் ஏறி யன்னலோரம் உட்கார்ந்ததும் தெரியும். கொழும்பை விட்டு வந்த பிறகு எனக்கு நல்ல நித்திரை வந்ததே இல்லை. அன்று யாழ்ப்பாணம் வந்து, எல்லோரும் இறங்கிய பிறகு, நடத்துனர் வந்து எழுப்பவேண்டியிருந்தது.