உட்காருவதற்காக ஓடியவர்

மலாயா நாடே சுதந்திரத்துக்காகக் காத்திருந்த நாட்களில், நான் என் வீட்டுக்காரரின் முதுகு நிமிர்வதற்காகக் காத்திருந்தேன்.

அவர் மலாக்காவில், பண்டார் ஹிலிரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதும் குமாஸ்தா. தற்காலிக வேலை. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேற, கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு நாற்காலியாக மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்கும் ஒரு நாற்காலி காலியானது. நிரந்தர வேலை, கூடவே குவார்ட்டர்ஸ் வீடு. உடம்பு நன்றாக இருக்கிறது என்று அரசாங்க டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த நேரம் பார்த்துத்தான் மனிதர் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்து, குனிந்தபடியே நின்றுவிட்டார். பெச்சா ரிக்‌ஷாவில் உட்கார வைத்து காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கியவர் என் முழங்காலைப் பார்த்துத்தான் பேசினார்.

காலையிலிருந்து சாயங்காலம்வரை அசையாமல் உட்கார்ந்தால் முதுகு இப்படித்தான் பிடிக்கும் என்றார் டாக்டர். நடக்க வேண்டும், பிறகு ஓட வேண்டும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் முதுகு குனிந்து நிமிராவிட்டால் கையெழுத்து கிடையாதாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஓடிக் காட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பதில் சொல்ல அவரால் நிமிர முடியவில்லை.

முதலில் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் நடந்தார். பிறகு ஓடினார். சப்பாத்து போட்டுக்கொண்டு ஓடியபோது குதிகாலில் விழுந்த அடியெல்லாம் முதுகில் ஏறியது. ஒருநாள் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வீசிவிட்டு வெறுங்காலோடு கிளம்பினார். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். கால் எதையும் மறந்திருக்கவில்லை.

எனக்குத்தான் மானம் போயிற்று. "கிராணி வெறுங்காலோட ஓடினா பாக்கறவங்க என்னங்க நெனப்பாங்க? சப்பாத்து வாங்கக்கூட வக்கில்லன்னுதான நெனப்பாங்க?"

"நெனக்கறவங்களுக்கா முதுகு வலிக்கிது?" என்றார்.

அலுவலகத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. பைலை அலமாரிமேல் வைத்து நின்றுகொண்டே எழுதினார். பியூனைக் கூப்பிடாமல், தானே பைலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். சில நாள் பொறுத்துப் பார்த்த பியூன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "அக்கா, பைல எல்லாம் அவரே தூக்கிட்டுப் போறாரு. சுதந்திரம் வந்தா எனக்கு வேல இருக்குமா இருக்காதான்னு கேட்டுச் சொல்லுங்கலா," என்றார். அவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்துச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். கணவனுக்கு முதுகு பிடித்தால் மனைவிக்கு இத்தனை வேலை என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

டாக்டரிடம் போக ஒரு வாரம் இருந்தபோது, சந்து போதவில்லை, இனி மெயின் ரோட்டில் ஓடப்போகிறேன் என்றார். அங்கேதான் வந்தது வினை.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் டெலிபோன் கிடையாது. உடம்புக்காக ஓடும் வழக்கமும் எங்கள் ஆட்களிடம் கிடையாது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு தமிழன் செருப்பில்லாமல், பனியனோடு, வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் சாவு. சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல ஓடுகிறான்.

நான் குழாயடியில் பானை கழுவிக்கொண்டிருந்தேன். தெருமுனை வீட்டு லோரிக்காரர் தோளில் துண்டோடு வந்து, ஒன்றும் பேசாமல் வாசலில் உட்கார்ந்தார். பின்னாலேயே அவர் மனைவி, அப்புறம் இன்னும் சிலர். துக்க வீட்டில் எங்கள் ஆட்கள் வணக்கமும் சொல்ல மாட்டார்கள், யார் என்ன என்று கேட்கவும் மாட்டார்கள். வந்து உட்காருவதுதான் மரியாதை. லோரிக்காரர் மனைவி என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஓடப் போனவர் நினைப்புத்தான் எனக்கு வந்தது. ரோட்டில் விழுந்துவிட்டார், சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிமிடம் நாற்காலியும் குவார்ட்டர்ஸும் எங்கே போயினவென்று தெரியவில்லை. ஆயுசுக்கும் கூனியே கிடக்கட்டும், தினமும் நானே பெச்சாவில் ஏற்றி இறக்குகிறேன், ஆளை மட்டும் கொடுத்துவிடு என்று சாமியிடம் பேரம் பேசிக்கொண்டே ஓவென்று அழுதேன்.

நான் அழுததும் அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. ஆண்கள் பாடை கட்ட மூங்கிலுக்கு யாரை அனுப்பலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். போனது யாரென்று தெரியாததால் ஒருத்தி எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி ஒப்பாரி வைத்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள் வேலியோரம் வந்தார். நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்க் கபாயாச் சட்டை, வாயில் மலாய்; எந்தக் காலத்திலோ வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்ட தமிழ் வம்சம். சுற்றி வளைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "சியாப்பா மாத்தி?" என்றார். யார் செத்தது என்று கேட்கிறார்.

ஒப்பாரி நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லோரிக்காரரைப் பார்த்தேன்.

"என்னை ஏம்மா பாக்கற?" என்றார் அவர். "ஒன் வீட்டுக்காரர்தான ரோட்ல ஓடினாரு. காலுல ஒண்ணுமில்ல, கூப்பிட்டும் நிக்கல. ஒங்க வீட்டுலதான் யாரோ போயிட்டாங்கன்னு நாங்க வந்தோம்."

எனக்குப் புரிந்து கோபம் தலைக்கேறுவதற்குள் என் வீட்டுக்காரரே வந்துவிட்டார். வாசலில் கூட்டத்தைப் பார்த்தார். அவரும் தமிழர்தானே, அவருக்கும் ஒரே அர்த்தம்தான். சாக்கடையைத் தாண்டிக் குதித்து, ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து, என் தோளைப் பிடித்துத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு குழாயடியிலேயே தொப்பென்று உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

"அப்ப யாருக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்ட லோரிக்காரர் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று ஒருத்தி பெரிய தூக்கில் கோப்பி கொண்டுவந்திருந்தாள். வீணாக்க வேண்டாமென்று எல்லோரும் அதைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுவாரம் டாக்டர் அவரைக் குனியச் சொன்னார், குந்தச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். கைவைத்த நாற்காலி கிடைத்தது, மெத்தையோடு. மறுநாள் விடிகாலையில் மனிதர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் போர்வையை உருவினேன்.

"அதான் டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரே," என்றார்.

"அவரு நாற்காலிக்குப் போட்டாரு. எனக்குப் போடல. எழுந்திருங்க."

நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினேன். யாராவது வந்து பேசாமல் வாசலில் உட்காரட்டும் என்று இன்னொரு நாள் வீட்டில் காத்திருக்க என்னால் முடியாது. அவர் முன்னால் ஓடினார். நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன்.

அன்று சாயங்காலமே லோரிக்காரர் தன் மனைவியோடு வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். "புருசன் பொஞ்சாதின்னா சண்ட இருக்கும்லா. அதுக்காக அவரு வீட்ட விட்டு ஓடறதும், நீ ரோட்ல தொரத்தறதும் நல்லாவா இருக்கு?" என்று ஆரம்பித்தார்.

நான் மறுக்கவில்லை. "இனிமே இவரு எங்க ஓடினாலும் நான் பின்னாலயேதான் போவேன்," என்று மட்டும் சொன்னேன். லோரிக்காரர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.