எண்பது நாள் விசில்

என் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வேலை. குப்பை அறை என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அண்ணி, அது கதிர்வீச்சுக் கழிவு. குப்பைய வீசிடலாம், இத வீச முடியாது. அடங்குற வரைக்கும் காவல் இருக்கணும்."

தடித்த சுவர், ஈயத் தகடு அடித்த பெட்டிகள். ஸ்கேனுக்குப் போட்ட ஊசியும் பஞ்சும் ஒரு பெட்டியில்; அதன் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், மூன்று நாளில் அடங்கிவிடும். தைராய்டு புற்றுநோய்க்கு மருந்து குடித்தவர்களின் எச்சில் பட்டதெல்லாம் அடுத்த பெட்டியில். அது பாதியாகவே எட்டு நாள், முழுதாய் அடங்க எண்பது நாள். வருஷக்கணக்கில் அடங்காததும் உண்டு. அதை இரும்புக் கலத்தில் பூட்டி, தயாரித்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பைக்குப் பை தேதிச் சீட்டு ஒட்டுவது நாத்தனார்தான்.

அந்தத் தைராய்டு மருந்து குடிக்க ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். தனி அறையில் நர்ஸைக் கூப்பிட பொத்தான் இருந்தது. அவரோ பழக்கதோஷத்தில் விசிலை எடுத்து ஊதிவிட்டார்! வீட்டுக்குக் கிளம்பும்போது கதிர்வீச்சு அளக்கும் மீட்டரைக் காட்டினால், விசில் அருகே அது அலறியது. சோப்புப் போட்டுக் கழுவியும் பயனில்லை. உள்ளே உருளும் தக்கை எச்சிலைக் குடித்திருந்தது. விசிலும் தேதிச் சீட்டோடு எண்பது நாள் பெட்டிக்குள் போக வேண்டியதாயிற்று.

"தங்கச்சி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்லேர்ந்து இதத்தான் ஊதுறேன். கடைசி ட்ரிப்புக்கும் இதுதான் வேணும்."

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். அவர் ஓய்வு பெறுவது சரியாக எண்பதாவது நாள், காலை பத்து மணி பஸ்ஸோடு!

உடம்பு தேறி வேலைக்குப் போனவர், எழுபத்திரண்டாம் நாளே வந்து நின்றார்.

"எட்டு நாள்தானேம்மா, கொடுத்துடேன்."

"இன்னும் ஒரு தடவ பாதியாகணும்ணே. தர மாட்டேன்."

"எங்க டிக்கெட் செக்கரே தேவல!"

எண்பதாம் நாள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானும் கூடப் போனேன். மீட்டர் பார்க்கும் அதிகாரி வரும்போதே ஒன்பதே முக்கால். கதவுக்கு வெளியே நின்று கடவுளே, கடவுளே என்று கைகூப்பிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து நாத்தனார் கத்தினாள்.

"அண்ணி! வெறும் அறைக்கு என்ன காட்டுமோ அதேதான் காட்டுது!"

ஓடினோம். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்டக்டர் எங்களைப் பார்த்தார். படியேறி விசிலை அவர் கையில் கொடுத்தோம். துடைத்தார், கண்ணை மூடினார், ஊதினார் பாருங்கள், காதே அடைத்துவிட்டது!

பஸ் நகர்ந்துவிட்டது.

"ஐயோ அண்ணே, நான் டூட்டில இருக்கேன்!"

"அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்தாச்சா?"