இரண்டு விண்டோவுக்கு நடுவில்

மதியம் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்குத் தப்பு நடந்து முடிந்திருந்தது. ஏழு வருடத்துக்கு முந்தைய நிமிடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். என் ஞாபகசக்தி அப்படியொன்றும் பிரமாதமில்லை. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள் நான். கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு பைலுக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகச் சேமித்த நேரத்தை எழுதி வைத்துக்கொள்கிறது. அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

போன வாரம் என் மகள் நந்தினி கல்லூரி விடுமுறைக்கு விழுப்புரம் வந்திருந்தாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். திரையில் இடப்பக்கம் ஒரு விண்டோ, வலப்பக்கம் ஒரு விண்டோ. இரண்டுக்கும் நடுவே நூல் அளவுக்கு ஒரு சந்து.

"என்ன பண்ணாலும் இந்த கேப் போவ மாட்டேங்குதும்மா."

"இருந்துட்டுப் போவட்டும். அதத் தொடாத!"

என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா, உள்ள பாம்பா இருக்குது?" என்றாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அப்போது மூக்கில் ஒரு வாசனை வந்தது. எங்கள் வீட்டில் இருக்கவே முடியாத வாசனை.

லேமினேஷன் மெஷினில் பிளாஸ்டிக் சூடாகிற வாசனை அது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மருந்துக் கடை மாடியில் பாபு அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். சாயங்காலம் திரும்பும்போது என் தலைமுடியிலேயே அந்த வாசனை இருக்கும். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் பஸ்ஸில் ஒயர் ஏதோ எரிகிறது என்று டிரைவரைக் கூப்பிட்ட கதையெல்லாம் உண்டு.

பாபு அண்ணன் தொண்ணூற்று மூன்றில் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு கடை ஆரம்பித்தவர். அப்போது யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராமைத்தான் நான் இருந்த காலத்திலும் ஐடி கார்டு வேலைக்கு வைத்திருந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. ஆனால் ஒருநாளும் நின்றதில்லை.

எங்கள் வேலை முறை இதுதான். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டை ஸ்கேன் செய்து திரையின் இடப்பக்கம் வைப்போம். வலப்பக்கம் கறுப்பு விண்டோ. இங்கே பார்த்து அங்கே அடிக்க வேண்டும். முதலில் பெயர்களை எல்லாம் மேலிருந்து கீழாக அடிப்பேன். அப்புறம் போன் நம்பர்களை மேலிருந்து கீழாக. எண்களை ஒரே மூச்சில் அடித்தால் வேகம் வரும், விரல் பாதை மாறாது. பத்து வரிக்கு ஒருதரம் ஓர் அடிஸ்கேலைத் திரை மேல் படுக்கையாக வைத்து, இந்தப் பக்கத்துப் பெயரும் அந்தப் பக்கத்துப் பெயரும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அந்த ஸ்கேல்தான் எங்கள் சூப்பர்வைசர்.

புது மானிட்டர் வந்ததும்தான் வினை. அகலமான தட்டை மானிட்டர். பழைய குட்டை மானிட்டரில், திரையின் அடியில் உள்ள பட்டையில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி விண்டோக்களை அடுக்கச் சொன்னால் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். புதிதில் நடுவே ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சந்து விழுந்தது. வரிக்கு எண்பது எழுத்து என்பது கறுப்பு விண்டோவின் கணக்கு. எண்பது எழுத்துக்கான இடம் கிடைத்ததும் அது அதற்கு மேல் அகல மாட்டேன் என்று நின்றுவிட்டது. அந்தச் சந்து வழியாகப் திரையின் பின்னணிப் படமாக இருந்த மயிலம் முருகனின் வேல் மட்டும் தெரிந்தது.

"என்னம்மா இது, முன்பல்லு வுழுந்த மாதிரி இருக்குது? கஸ்டமரு பாத்தா என்னா நெனப்பான்?" என்றார் பாபு அண்ணன்.

கஸ்டமரை விடுங்கள், எனக்குத்தான் பேஜாரு. கை தவறி மவுஸ் அந்தச் சந்தில் பட்டுவிட்டால் கறுப்பு விண்டோ தூங்கிவிடும். நான் தெரியாமல் அடித்துக்கொண்டே போவேன். ஐந்து நம்பர் அடித்தபின் பார்த்தால் ஒன்றுகூட ஏறியிருக்காது.

ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மூடித் திறந்தேன், அதேதான். திரையின் அளவை மாற்றினால் சரியாகும் என்று எங்கேயோ படித்த ஞாபகத்தில் அதை மாற்ற, மானிட்டர் மொத்தமாக இருண்டுபோனது. "புது மானிட்டரும்மா! டப்பாவக்கூட இன்னும் தூக்கிப் போடலியே!" என்று பாபு அண்ணன் தலையில் கை வைத்தார். பதினைந்து விநாடியில் அது தானாகப் பழையபடி திரும்பிவிட்டது. அதற்குள் நான் மனதில் வேலையை விட்டு நின்று, வீட்டில் என்ன சொல்வது என்பது வரை போய்விட்டிருந்தேன்.

கடைசியில் வழி கிடைத்தது. கறுப்பு விண்டோவின் எழுத்தை ஓர் அளவு பெரிதாக்கினேன். எழுத்து பெருத்ததும் விண்டோ அகன்றது. சந்து மூடிக்கொண்டது, வேல் மறைந்தது. "நீ இன்ஜினீயரா போயிருக்க வேண்டிய ஆளு" என்றார் பாபு அண்ணன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுத்து பெருத்தால் வரியும் உயரும் என்பதை நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. மேல் வரி இரண்டு பக்கமும் நேராக நின்றது. கீழே போகப் போக வலப்பக்கம் பின்தங்கியது. ஸ்கேல் வைத்தால் கோணலாகக் காட்டியது. ஸ்கேலை எடுத்து டிராயரில் போட்டேன்.

அன்றைக்கு நான் அடித்தது விழுப்புரத்தில் நந்தினி படித்த பள்ளிக்கூடத்து வேலை. அந்த ஆர்டரைப் பிடித்து வந்ததே நான்தான். ஏழாம் வகுப்பு, நாற்பத்தொரு பெண்கள், நந்தினியின் வகுப்பு. பதிவேட்டில் ஒரே ஒரு பெண்ணுக்கு நம்பர் இடத்தில் கோடு போட்டிருந்தது. வீட்டில் போன் இல்லை போலும். அங்கே எண்ணில்லாமல் ஒருதரம் என்டர் தட்டி அடுத்த வரிக்கு இறங்கியிருக்க வேண்டும். தட்டவில்லை. அதிலிருந்து கீழே எல்லாருடைய நம்பரும் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டது. முடித்தபோது கடைசிப் பெயருக்கு நேரே காலியாக இருந்தது. யாரோ ஒருத்திக்கு நம்பர் இல்லை என்று ஞாபகம் இருந்ததால், அது இவள்தான் என்று நினைத்துச் சேமித்தேன். அதுதான் அந்த மூன்று இருபத்திரண்டு. என்னுடைய நம்பரையும் அந்த வரிசையில் நானே அடித்திருந்தேன்.

கார்டு வந்தபோது, போட்டோவில் நந்தினிக்கு ஒரு கண் பாதி மூடியிருந்ததைப் பார்த்து வீட்டில் சிரித்தோம். பின்பக்கம் திருப்பவில்லை. என் கையால் அடித்தது, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை இருக்கும், கடையில் என் செல்போன் அடித்தது. புது நம்பர். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"ஏம்மா, பொண்ணு வுழுந்துடுச்சிம்மா. தலையில அடி. ரத்தம் நிக்கல. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல ஏத்திக்கினு போறோம். ஜல்தியா வாங்க."

"எந்தப் பொண்ணு" என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இருப்பது ஒரே பெண். ஐடி கார்டைப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று அந்த ஆள் சொன்னதோடு லைன் அறுந்தது. திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

செருப்பு போட்ட ஞாபகம் இல்லை. விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து வீட்டு மல்லிகாவைக் கூப்பிட்டேன். "நந்தினி வந்துட்டாளா?"

"இன்னும் காணமேக்கா. சாவி இங்கதான் இருக்குது."

பள்ளிக்கூடம் ஊருக்குள்ளே. அவள் நடந்து வீட்டுக்குப் போகிறவள். ஊருக்கு வெளியே திண்டிவனம் ரோட்டில் இருக்கிற முண்டியம்பாக்கம் பக்கம் அவளுக்கு என்ன வேலை? யார் கூட்டிப் போனார்கள்? இந்தக் கேள்வி வந்ததுமே நம்பரைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ வேறு பயங்கள்தான் வந்தன. அவற்றை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது என்னால் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியவில்லை. "ஆஸ்பத்திரி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாசல்லியே எறக்கி வுடறேன், உக்காரும்மா" என்றார். அந்த முக்கால் மணி நேரத்தில் பஸ் எங்கெங்கே நின்றதோ, ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஓடிவிடலாமா என்று கால் துடித்தது.

வார்டில் தூரத்திலிருந்தே நீல யூனிபாரமும் ரெட்டைப் பின்னலும் தெரிந்தன. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தலையில் கட்டு. கட்டிலருகே போய்க் காலைத் தொட்டேன். உள்ளங்காலில் மருதாணி இருந்தது.

நந்தினிக்கு மருதாணி இல்லை.

அப்போது எனக்குள் வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ரத்தம் ஊறிய கட்டோடு ஒரு குழந்தை படுத்திருக்கிறது. நான் மனதுக்குள் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிடத்தில் மல்லிகாவின் போனிலிருந்து நந்தினி கூப்பிட்டாள். "அம்மா, டிவி ரிமோட்ட எங்க வெச்ச?"

நர்ஸ் வந்தார். "நீங்கதான அம்மா? இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

"நான் அம்மா இல்லீங்க."

"அப்ப யாரு நீங்க? கார்டுல இருக்கற நம்பருக்குத்தான போன் பண்ணாங்களாம்?"

கார்டு தலைமாட்டில் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். மோனிஷா என்ற பெயருக்குக் கீழே என் நம்பர் இருந்தது. பதிவேட்டில் மோனிஷாவுக்கு அடுத்த பெயர் நந்தினி. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க நந்தினியோட அம்மாதான? எங்கம்மா வர்லியா?"

"வந்துகினே இருக்காங்கம்மா" என்றேன். யாருக்குமே தகவல் போகவில்லை. அவளுக்கு எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

வெளியே வந்து பாபு அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, செவன்த் கிளாஸ் பைலத் தெறங்க. மோனிஷா நம்பர் வேணும்."

"கார்டுலியே இருக்குமேம்மா."

"கார்டுல என் நம்பரு இருக்குதுண்ணே."

அப்புறம் மவுஸ் சத்தம் கேட்டது. "மோனிஷாவுக்கு நேரா..." என்று ஆரம்பித்தார்.

"நேரா பாக்காதீங்கண்ணே! ஸ்கேன மட்டும் பாருங்க."

அவர் சொன்ன நம்பர் ஒரு மளிகைக் கடையுடையது. "அவங்க கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கறாங்க, ஆள அனுப்பறேன்" என்றார் கடைக்காரர். நான் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு ஸ்கேன் எடுக்க அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண்ணுக்கு ஏதாவது ஆனால், அந்த அம்மா வந்து சேரத் தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் நான்தான் காரணம்.

எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இப்போது இல்லை. மருந்துக் கடை மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாபு அண்ணன் பாண்டிச்சேரியில் மகனோடு இருக்கிறார். கறுப்பு விண்டோ புரோகிராமைத் திறக்க இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் சம்மதிக்காது. மறுநாளே நாற்பத்தொரு கார்டையும் திரும்ப வாங்கி, வரி வரியாக, ஸ்கேல் வைத்து, புதிதாக அடித்துக் கொடுத்தேன். மோனிஷா பி.காம். படிக்கிறாளாம். தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காததால் வகிட்டை மாற்றி எடுக்கிறாளாம், நந்தினி சொன்னாள். இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அந்தப் பெஞ்சில் இது எதுவும் எனக்குத் தெரியாது.

ஆறே கால் மணிக்கு அந்த அம்மா வந்தார். முழங்கை வரை செம்மண், சேலையை இழுத்துச் செருகியிருந்தார். உள்ளே ஓடினார். அவர் குரலும் பெண்ணின் அழுகையும் கலந்து கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். ஓடிவிடலாம் போலிருந்தது.

"கார்டுல உங்க நம்பர மாத்தி அடிச்சது நான்தாங்க. உங்களுக்கு வர வேண்டிய போன் எனக்கு வந்துடுச்சி. என் பொண்ணுன்னு நெனச்சிக்கினுதான் ஓடி வந்தேன்."

அவர் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப உம்பொண்ணு?" என்றார். "அது வூட்டுக்கு வந்துடுச்சா?"