புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பவர்

“மூடு. புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு.”

நீலாம்பாள் கையை நீட்டுகிறார். சிறுமி புத்தகத்தைக் கொடுக்கிறாள். அதை மடியில் கவிழ்த்து, மேலே முழங்கையை ஊன்றிக்கொண்ட பிறகுதான் கேள்வி வருகிறது. ரங்கூன் லான்மடாவில், ஒரு குடைக்கடையின் மாடியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. மூன்று வகுப்புகள்தான். டிராம் வண்டி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகள் நடுங்கும். அவர் பேச்சை நிறுத்தி, வண்டி போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்.

முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் பர்மிய வழக்கப்படி ‘சயாமா’, அதாவது வாத்தியாரம்மா, என்றே கூப்பிடுகிறார்கள். தெருவிலும் அவருக்கு வாத்தியார் வேலைதான். துறைமுகத்துக்கு வழி கேட்ட ஒரு கூலியாளை அரை நாழிகை நிறுத்தி வைத்ததை நானே பார்த்தேன். “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீங்க. நீங்க நடந்து போற மாதிரி சொல்லுங்க” என்றார். அந்த மனிதர் காற்றில் கைகளை வீசி, இரண்டு முறை வளைந்து, கடைசியில் கப்பலைக் காட்டினார். அப்புறம்தான் விட்டார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் போன வருஷம் அடித்த ஒரு காற்று. குடைக்கடை காஜா மைதீனின் மகள் லத்தீபா கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தாள். காற்றில் இரண்டு தாள் புரண்டுவிட்டது. அவள் நிற்கவில்லை. புதுப் பக்கத்தைப் பார்த்தபடியே பழைய பக்கத்தை வாசித்துக்கொண்டு போனாள். அவள் தாயார் பர்மியப் பெண். வீட்டில் தமிழ் குறைவு. புத்தகம் முழுவதும் வாயில் இருந்தது, ஒரு வரிகூடப் புரிந்திருக்கவில்லை.

மறுநாளே நீலாம்பாள் சென்னைக்கு எழுதிப்போட்டு, அங்கே அச்சான ஒரு சிறுவர் நாவலை வரவழைத்தார். செல்லி என்ற பெண்ணும் ஒரு குருட்டுக் குதிரையும் ஊர் ஊராகப் போகும் கதை. தினம் ஓர் அத்தியாயம். புத்தகத்தின் வார்த்தையிலேயே பதில் சொன்னால் முட்டை. ‘மதிபூ’ என்று, அதாவது தெரியாது என்று, உண்மையைச் சொன்னால் கால் மார்க். சொந்தமாகச் சொன்னால் முழு மார்க். எந்தப் பாஷையானாலும் சரி.

காஜா மைதீன் படியேறி வந்தார்.

“ஏம்மா, எம்மவ பத்துப் பக்கத்தை மூச்சு விடாம ஒப்பிக்கிறா. முட்டை போட்டிருக்கியளே!”

“மூச்சு விட்டாத்தான் பாய், யோசிக்க முடியும்.”

“அடுத்த வருசம் நாலாவது இங்கன இருந்தாப் படிக்கட்டும். டிராம் ஏறிப் போயி ஒண்ணும் படிக்க வேணாம். சொல்லிப்புட்டேன்.”

லத்தீபாவுக்கு மட்டுமல்ல, மூன்றாம் வகுப்பின் ஏழு பெண்களுக்கும் வீட்டில் அதே பேச்சுத்தான். இந்த மாடியிலேயே நான்காம் வகுப்பு தொடங்க அனுமதி தருவது இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது.

மார்ச் மாதம் அவர் வந்தார். என் தங்கை அந்த ஏழு பேரில் ஒருத்தி. அதனால் நானும் காஜா மைதீனும் மரப்படியில் நின்று எட்டிப் பார்த்தோம். லத்தீபா செல்லி கதையில் ஆற்று வெள்ள அத்தியாயத்தை வாசித்தாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோய்ப் பேனாவைத் திறந்தார்.

“எழுதாதீங்க ஐயா” என்றார் நீலாம்பாள். “வாசிச்சது போதாது. புரிஞ்சுதான்னு கேளுங்க.”

“சும்மா இருந்தா என்னவாம் இந்த அம்மாவுக்கு!” என்று காஜா மைதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். “ஆற்று வெள்ளத்தின் நடுவே செல்லி கடிவாளத்தை விட்டுவிடுகிறாள். ஏன்?”

புத்தகத்தில் அதற்குக் காரணம் எழுதியிருக்கவில்லை. லத்தீபா சயாமாவைப் பார்த்தாள். சயாமா ஜன்னலைப் பார்த்தார். ஒரு டிராம் வந்து போயிற்று. பிறகு அவள் தரையைக் காலால் தடவித் தடவிக் காட்டியபடி மளமளவென்று பர்மிய மொழியில் பேசினாள். செல்லிக்குத் தெரிந்தது மேல் தண்ணீர்தான். அடியில் இருக்கும் தரை குதிரையின் காலுக்குத் தெரியும். இவள் இழுத்தால் அது தப்பாகப் போய்விடும்.

இன்ஸ்பெக்டருக்குப் பர்மியம் தெரியும். தலை தானாக ஆடியது. உடனே நிமிர்ந்துகொண்டார்.

“தமிழ் வாசிப்புப் பரீட்சையில் பர்மியப் பதிலா? இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது?”

“அவ படிச்சது தமிழ் ஐயா. புரிஞ்சிக்கிட்டதும் தமிழ். வாய் மட்டும்தான் பர்மா.”

“மேலே எழுதிக் கேட்க வேண்டும்” என்று கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார். அன்று முதல் காஜா மைதீன் நீலாம்பாளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன திங்கட்கிழமை, கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடம் திறந்தது. ஏழு பெண்களும் வந்துவிட்டார்கள். பழைய வகுப்பில் உட்காருவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். மகளுக்குப் பின்னால் காஜா மைதீன்.

“உத்தரவு வந்துச்சா?”

“வரலை பாய்.”

“அப்ப?”

நீலாம்பாள் வருகைப் பதிவேட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார். தலைப்பில் ‘நான்காம் வகுப்பு’ என்று எழுதிக் கோடு இழுத்தார். பக்கத்தில் பென்சில் கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, முதல் வரியில் லத்தீபா என்று எழுதினார்.