ருக்கையா கேட்ட ஒரு வரித் திருத்தம்

ருக்கையாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சிங்கப்பூரில் புக்கிட் மேராவில் வீடு, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை. தாத்தா நாகூரிலிருந்து வந்தவர். வீட்டில் சண்டை போடுவதும் தமிழில், சமாதானம் ஆவதும் தமிழில்.

அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. தொலைக்காட்சி நாடகத்தில் கல்யாணக் கூட்டத்தில் நிற்பார். மருத்துவமனைக் காட்சியில் பின்னால் நடந்து போவார். இப்படித் துணைக்கு வருகிறவர்களை இந்த ஊரில் கேல்ஃபேர் என்பார்கள். முகம் தெரிகிற, வாய் திறந்து பேசுகிற ஒரு வேடம் கிடைக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வசனம் பேசிப் பார்ப்பார். கணவர் முபாரக் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்த நாட்கள் உண்டு.

வாய்ப்பெல்லாம் கைப்பேசியில்தான் வரும். நடிகர்களும் ஆள் தேடுபவர்களும் இருக்கிற டெலிகிராம் குழுவில் அறிவிப்பு போடுவார்கள். பிடித்திருந்தால் எழுத வேண்டும். தொடக்கத்தில் ருக்கையாவுக்கு எழுதத் தெரியவில்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பித்துப் பள்ளிக்கூட நாடகம் வரைக்கும் சொல்லி, கூடவே குடும்பக் கல்யாணத்தில் எடுத்த படங்களையும் அனுப்புவார். யாரும் பதில் போடவில்லை. ஆள் தேடுபவர்களில் மதுரா என்ற ஒருத்தி மட்டும் ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மெசேஜ் வருது தெரியுமா? எந்த ரோலுக்கு எழுதுறீங்கன்னு முதல் வரியிலயே சொல்லிடுங்க. மன்னிப்பெல்லாம் வேண்டாம், நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

அதற்குப் பிறகு ருக்கையாவின் செய்தி சுருங்கியது. வேடத்தின் பெயர், தன் வயது, பேசும் மொழிகள், எந்தத் தேதிகளில் வர முடியும் என்பது, திருத்தி அழகுபடுத்தாத இரண்டு படம், நடித்துக் காட்டும் காணொளிக்கு ஓர் இணைப்பு. கடைசியில் நன்றி. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை விசாரிப்பார். அப்புறம் விட்டுவிடுவார். ராத்திரியில் யாருக்கும் அனுப்பமாட்டார். இதைவிட ஒழுங்காக ஒரு மனுஷி என்னதான் எழுத முடியும்?

சென்ற வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் செயலிக்கு விளம்பரம். சரளமாகத் தமிழ் பேசும் அம்மா தேவை, வயது நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து. ருக்கையா மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு, அந்த வேடத்துக்கென்றே ஒரு காணொளி எடுத்து எழுதினார்.

மறுநாள் மதியம் கடையில் இருக்கும்போது பதில் வந்தது. ஆள் தேடும் நிறுவனத்தில் வேலை செய்யும் யதீசன் என்ற பையன் எழுதியிருந்தான். "ஹாய் ஆன்ட்டி, ப்ளீஸ் ரீட் த ப்ரீஃப். இண்டியன் மட்டும்."

அறிவிப்பைப் படிக்கவில்லை என்கிறானா? ருக்கையா தன் படத்தையே எடுத்துப் பார்த்தார். ஹிஜாப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் என்ன குறை என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது: மலாய்க்காரி என்று நினைத்துவிட்டான். காணொளி இணைப்பைத் திறந்தார். பார்த்தவர்கள் எண்ணிக்கை: பூஜ்யம். அவர் தமிழ் பேசுவதை அவன் கேட்கவே இல்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். மாலையில் அவருடைய செய்தியைப் படம் பிடித்து, பெயரும் எண்ணும் முகமும் தெரிய, அதே குழுவில் போட்டுவிட்டான். "இப்படிக் கண்ணை மூடிக்கிட்டு அப்ளை பண்ணாதீங்க லா. எங்க டைம் வேஸ்ட்." கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. படப்பிடிப்புகளில் சேர்ந்து நின்று சோறு சாப்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தது யார்?

அவரோடு பல படப்பிடிப்புகளுக்கு வந்த வைதேகி உடனே அழைத்தாள். "அக்கா, கோபம் வரும்தான். ஆனா ஒண்ணும் எழுதிடாதீங்க. இவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. அப்புறம் எங்கயும் கூப்பிட மாட்டாங்க."

"இப்ப மட்டும் கூப்பிட்டாங்களா?" என்றார் ருக்கையா.

முபாரக்கும் விடச் சொன்னார். "சின்னப் பையன், தெரியாம போட்டுட்டான். விடு லா."

"தெரியலன்னா கேட்டிருக்கணும். நான் பார்த்துப் பார்த்து எழுதினேங்க. அவன் ஒரு தட்டு தட்டி வீடியோவைத் திறக்கல. நான் மட்டும் எதுக்கு மரியாதை பார்க்கணும்?"

முதலில் எழுதியது முழுக்கத் திட்டு. படித்துப் பார்த்தார். இதையும் படம் பிடித்துப் போடுவான், எல்லோரும் அதற்கும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை நல்ல தமிழில், யதீசனுக்கும் அவன் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் எழுதினார்.

"வணக்கம். கணக்குச் செயலி விளம்பரத்தில் அம்மா வேடத்துக்கு எழுதிய ருக்கையா நான். நீங்கள் கேட்டது சரளமாகத் தமிழ் பேசும் அம்மா. நான் தமிழச்சி. என் காணொளியிலும் தமிழ்தான் பேசுகிறேன். அது இதுவரை திறக்கப்படவில்லை. என் படத்தையும் எண்ணையும் என்னைக் கேட்காமல் குழுவில் போட்டிருக்கிறீர்கள். அதை நீக்கிவிட்டு, அதே குழுவில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். வேடம் முடிவாகவில்லை என்றால் தேர்வுக்கு வரத் தயாராக இருக்கிறேன். நன்றி."

காலையில் படம் குழுவிலிருந்து காணாமல் போயிருந்தது. திருத்தம் வரவில்லை. யதீசன் தொலைபேசியில் வந்தான்.

"சாரி ஆன்ட்டி, நான் நீங்க மலாய்னு நினைச்சுட்டேன். தலையில துடோங் போட்டிருந்தீங்களா..."

"ருக்கையான்னு கூப்பிடுங்க. திருத்தம் எப்பப் போடுவீங்க?"

"டெலீட் பண்ணிட்டேனே. பாஸ் உங்கள ஆடிஷனுக்கு வரச் சொல்றாங்க."

"வரேன். திருத்தமும் போடுங்க."

தேர்வுக்குப் போனார். நடிக்கக் கொடுத்த காட்சியில் மகன் கணக்கில் தோற்றுவிட்டு விடைத்தாளை ஒளித்து வைக்கிறான்; அம்மா கண்டுபிடிக்கிறாள். ருக்கையா பேசி முடித்ததும் விளம்பரக் கம்பெனிக்காரர், தலைத்துணியைக் கழற்ற முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். முடியாது என்றார் ருக்கையா. இயக்குநர் கண்மணி அந்த ஆளிடம் திரும்பினாள். "கழற்றினா பையனுக்குக் கணக்கு நல்லா வருமா, சார்?" வேடம் ருக்கையாவுக்குக் கிடைத்தது.

படப்பிடிப்பு காத்தோங்கில் ஒரு வாடகை வீட்டில். யதீசனும் வந்திருந்தான். பணிவாகத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, சூப்பரா பண்றீங்க."

"நன்றி தம்பி. அந்தத் திருத்தம்?"

"அதான் ரோல் கிடைச்சிருச்சே. அது முடிஞ்சு போன விஷயம் லா."

"சிரிச்சவங்களுக்கு முடிஞ்சிருச்சு. நான் படிக்காம எழுதினவள்னுதான் அவங்க இன்னும் நினைச்சுட்டு இருக்காங்க. இப்பவே போடுங்க, நான் நிக்கிறேன்."

விளக்கு சரிசெய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யதீசன் காது சிவக்கக் கைப்பேசியை எடுத்தான். ருக்கையாவின் விண்ணப்பம் சரியானது, தவறு என்னுடையது என்று அடித்துக் காட்டினான். அதில் அவர் பெயரையும் தப்பாக அடித்திருந்தான். ருக்கையா அதைத் திருத்தச் சொன்னார். பிறகுதான் அனுப்பவிட்டார்.

சிரித்தவர்களில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

விளம்பரம் வந்தது. கடைக்கு வருகிற பெண்கள் அவரை அடையாளம் கண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் எழுதும் செய்திகளில் பாதிக்கு இப்போதும் பதில் வருவதில்லை. அதற்காக அவர் யாரையும் நொந்துகொள்வதில்லை. ஆனால் சில மாதம் கழித்து அதே நிறுவனம் புதிதாக ஓர் அறிவிப்பு போட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வேடம், "இண்டியன் லுக்" வேண்டும் என்று இருந்தது. ருக்கையா கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் குழுவிலேயே எழுதினார்.

"வணக்கம். இந்தியத் தோற்றம் என்றால் எப்படி என்று விளக்க முடியுமா? விண்ணப்பிக்க உதவியாக இருக்கும். நன்றி."

"நானும் தெரிஞ்சுக்கணும்" என்று முதலில் கீழே எழுதியவள் வைதேகி.